பல்பு உடைந்த அறையில் பிள்ளையைப் படுக்க வைக்கலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு இது ஐந்தாம் மாதம். மூத்தவனுக்கு மூன்று வயது. போன ஞாயிறு ராத்திரி படுக்கையறையில் ஃபியூஸ் போன சுருள் பல்பை என் கணவர் கழற்றும்போது அது கையிலேயே நொறுங்கிக் கீழே விழுந்துவிட்டது. பாயெல்லாம் வெள்ளைப் பொடி. அவர் விரலிலும் கண்ணாடி கீறிவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் விளக்குமாறால் கூட்டி, முறத்தில் அள்ளி, சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு பினாயில் ஊற்றித் துடைத்தேன். மறுநாள் என் கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். இந்தப் பல்பு உடைந்த இடத்தில் மிதித்த ஒருவருக்குக் கால் அழுகிப்போன படம் அதில் இருந்தது. பாதரசம் மூளையைத் தாக்கும் என்றும் போட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அறையில் இன்னும் ஏதோ வாடை அடிப்பது போலவே இருக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? மகனை அந்த அறையில் படுக்க வைக்கலாமா? பரணில் இன்னும் மூன்று பழைய பல்புகள் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் மனதில் தங்காது. உடைந்தது ஒரே ஒரு பல்பு. அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் குனிந்து கூட்டினீர்கள். இதனால் பிள்ளைக்குக் கேடு வந்துவிடும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை தேவையில்லை. உடம்பிலிருந்து பாதரசத்தை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது மாத்திரையோ சூரணமோ கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். கர்ப்ப காலத்தில் அப்படிக் கண்டதைச் சாப்பிடுவதுதான் உண்மையான ஆபத்து. அடுத்த மாதச் செக்கப்புக்குப் போகும்போது நடந்ததை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், போதும்.

இனிக் காரணத்தைச் சொல்கிறேன். தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் உடல்நலத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. பாதரசத்தால் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால், உங்கள் பயத்தைச் சிறிதாக எண்ணவில்லை.

சி.எஃப்.எல். என்னும் இந்தச் சுருள் பல்புக்குள் பாதரசம் இருப்பது உண்மைதான். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடும். குழலின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக்கித் தரும். பாதரசம் இல்லாமல் இந்தப் பல்பு எரியாது. ஆனால் அதன் அளவைப் பாருங்கள். வீட்டுப் பல்பு ஒன்றில் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கும். 4 மில்லிகிராமை ஓர் உருண்டையாகத் திரட்டினால் ஒரு கசகசா மணி அளவுதான் வரும். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை கிராமாவது இருக்கும். அது நூறு பல்புகளில் இருப்பதைவிட அதிகம். முன்பெல்லாம் டாக்டர் மேசைமேல் பெட்டி போலத் திறந்து வைத்திருப்பார்களே, அந்த பி.பி. கருவியில் நூறு கிராமை ஒட்டி இருக்கும். எங்கள் காலத்தில் பள்ளி ஆய்வகத்திலிருந்து பாதரசத்தைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்கே எடுத்துவந்து உள்ளங்கையில் உருட்டி விளையாடிய பிள்ளைகள் உண்டு. அது சரி என்று சொல்ல வரவில்லை. இன்று என் கண்முன் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் பிடுங்கி வைத்துவிடுவேன். உங்கள் வீட்டில் சிந்தியது எவ்வளவு என்பது தெரியவே இதைச் சொல்கிறேன்.

இந்த நான்கு மில்லிகிராமும் ஒரே நேரத்தில் ஆவியானால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று இருக்கும். கன மீட்டருக்கு 0.12 மில்லிகிராம் வரும். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு வைத்திருந்த வரம்பு 0.05. அதாவது கணக்குப்படி வரம்பை மீறத்தான் செய்கிறது. அதனால்தான் ‘ஒன்றுமே இல்லை, விடுங்கள்’ என்று நான் சொல்வதில்லை. ஆனால் நடப்பில் அப்படி ஆவதில்லை. பாதரசத்தின் பெரும்பகுதி அந்த வெள்ளைப் பொடியிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பகுதி மட்டும் முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக வெளியேறும். மீதி, சில்லுகள் அங்கேயே கிடந்தால், நாள்கணக்கில் மெல்ல மெல்ல வரும். ஜன்னலைத் திறந்தால் காற்றில் கலந்தது வெளியே போய்விடும். மேலும் அந்த 0.05 என்பது எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், வருடக்கணக்காகச் சுவாசிப்பவர்களுக்கான வரம்பு. உங்களுடையது ஒரு ராத்திரியில் சில நிமிடம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பாதரச ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகக்கூடியது. ஆகவே கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் தொழிற்சாலை வரம்பைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த முறை இப்படி நடந்தால் நீங்கள் கூட்டாதீர்கள். மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

இப்போது அந்த வாட்ஸ்அப் படம். பல வருடங்களாகப் பல நாடுகளில் சுற்றிவரும் செய்தி அது. கண்ணாடி ஆழமாகக் குத்தி, புண்ணில் சீழ் வைத்து, சரியான நேரத்தில் சிகிச்சை எடுக்காவிட்டால் எந்தக் கால் காயமும் அந்த நிலைக்கு வரலாம், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம். இந்தப் பல்பில் இருக்கும் பாதரசம் காலை அழுக வைக்காது. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1940-களில் டியூப் லைட்டுக்குள் பூசிய பொடியில் பெரிலியம் என்ற நச்சு உலோகத்தைக் கலந்திருந்தார்கள். அந்தக் குழல் உடைந்து கையைக் கிழித்தால் புண் ஆறாமல் கட்டி கட்டியாகக் கிளம்பும். அது தெரிந்ததும் அமெரிக்காவில் 1949-லேயே பெரிலியம் கலப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்றைய பல்புகளில் அது இல்லை.

உங்கள் கணவரின் விரலை இதே கண்ணோடு பாருங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் போதும். உள்ளே சில்லு இருந்தால் தொடும்போது சுருக்கென்று குத்தும். அப்படியிருந்தால் ஊசியால் நீங்களே கிளறாமல் மருத்துவமனையில் எடுத்துவிடுங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால், காயம் இவ்வளவுதானே என்று விடாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விரல் சிவந்து வீங்கினாலும் காட்ட வேண்டும்.

இணையத்தில் தேடியிருந்தால் ஜப்பானின் மினமாட்டா ஊர்ப் பிள்ளைகளின் படங்களையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களைப் பார்த்த எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. அங்கே ஒரு ரசாயன ஆலை வருடக்கணக்காகக் கடலில் விட்ட கழிவில் இருந்தது பாதரசத்தின் வேறு வடிவமான மெத்தில் மெர்குரி. அது மீனில் சேர்ந்து, தினமும் அந்த மீனைச் சாப்பிட்டவர்களின் உடம்பில் சேர்ந்து, வயிற்றுப் பிள்ளைகளையும் தாக்கியது. உங்கள் படுக்கையறையில் நடந்ததற்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது.

வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதரசத்துக்கு வாடை கிடையாது. நீங்கள் உணர்வது அநேகமாகப் பினாயில். இல்லையென்றால், தூக்கமில்லாத ராத்திரிகளில் ஐந்தாம் மாதத்து மூக்குக்கு எல்லாமே வாடைதான்.

இந்தப் பதில் உங்களிடம் வந்து சேர எப்படியும் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். காற்றில் இருந்தது எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருந்தால் பொடியிலும் சில்லிலும்தான் இருக்கும். அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. அதை உங்கள் கணவர் செய்யட்டும்.

முதலில் அந்தப் பாய். கோரையின் இடுக்குகளில் விழுந்த பொடி கூட்டினாலும் தட்டினாலும் போகாது, தட்டினால் முகத்தில்தான் பறக்கும். பாயை மெதுவாகச் சுருட்டி, பெரிய பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். பொடி நேராக விழுந்த தலையணை உறை, போர்வை இருந்தால் அவையும் அதனோடு போகட்டும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். அன்று நீங்கள் கட்டியிருந்த சேலையில் பொடி படவில்லையென்றால் வழக்கம்போலத் துவைக்கலாம், அதற்கு ஒன்றுமில்லை. கூட்டிய விளக்குமாறும் துடைத்த துணியும் இனி உதவாது. ஒவ்வொரு ஈர்க்கிலும் பொடி ஒட்டியிருக்கும். அதே விளக்குமாறால் மற்ற அறைகளையும் தினமும் கூட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இவற்றில் எதையும் எரிக்கக் கூடாது. போகிக்குப் பழையதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாதரசம் பட்ட பாயைக் கொளுத்தினால் அடங்கிக் கிடந்தது அத்தனையும் புகையோடு மூச்சில் வரும்.

பிறகு தரை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து அடித்தால் எதுவும் தெரியாது. சாய்வாக அடிக்கும்போது கட்டில் காலுக்கு அடியில், பீரோ ஓரத்தில், டைல்ஸ் இடுக்கில் கிடக்கும் ஊசிமுனைச் சில்லுகூட மினுங்கும். அதை செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுக்கலாம். கொஞ்சம் சப்பாத்தி மாவை உருட்டி ஒற்றினாலும் வந்துவிடும். அந்த மாவையும் டேப்பையும் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். கடைசியாக ஈரத் தாளால் ஒருமுறை துடைத்து அதையும் பாட்டிலில் போட்டு மூடிவிடலாம். சமையலறைக் குப்பைக்கூடையின் உட்புறத்தையும் இப்படியே துடைக்க வேண்டும். இவ்வளவையும் முடித்து, இரண்டு நாள் பகலில் ஜன்னலைத் திறந்து போட்டபின், புதுப் பாயில் மகனைத் தாராளமாகப் படுக்க வையுங்கள்.

தரைக்கு ஏன் இவ்வளவு என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, அறைகளில் பல்புகளை வேண்டுமென்றே உடைத்துக் காற்றை அளந்து 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரியவர்கள் மூச்சுவிடும் உயரத்தைவிடத் தரைக்குப் பக்கத்தில் பாதரசம் அதிகமாக இருந்தது. தவழும் குழந்தையும் பாயில் படுக்கும் பிள்ளையும் மூச்சுவிடும் உயரம் அதுதான். கம்பளம் விரித்த தரையில், சுத்தம் செய்த பிறகும், வாக்குவம் கிளீனர் போட்டால் மறுபடி காற்றில் ஏறியது. நம் ஊர் சிமெண்ட், டைல்ஸ் தரைகள் இந்த வகையில் நமக்கு நல்லதுதான். இன்னொன்றும் அதில் தெரிந்தது. சில்லுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஆவி கசிந்துகொண்டே இருக்கிறது. இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் அடங்குகிறது. பாட்டில் பாட்டில் என்று நான் சொல்வது அதனால்தான். காலி ஊறுகாய் பாட்டில் இல்லாத வீடு ஏது? பாய் பாட்டிலுக்குள் போகாது என்பதால்தான் அதை வெளியே வைக்கச் சொன்னேன்.

இனி எப்போதாவது உடைந்தால் எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டாருக்கும் உதவும். பொடியை மிதிக்காமல் எல்லோரும் அறையை விட்டு வெளியே வாருங்கள். ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள், ஓடும் ஃபேன் பொடியை வீடெல்லாம் இறைத்துவிடும். ஜன்னலைத் திறந்து, வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள். பிறகு பெரியவர் ஒருவர், கர்ப்பிணி அல்லாதவர், செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகட்டும். விளக்குமாறைத் தொட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு போதும். ஒன்றால் தள்ளி மற்றதில் ஏந்தி, பொடியோடும் சில்லோடும் பாட்டிலில் போட வேண்டும். அந்த அட்டையையும் மடித்து உள்ளே போட்டுவிடலாம். மிச்சத்துக்கு டேப்பும் ஈரத் தாளும். பிறகு செருப்பின் அடியைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சில மணி நேரம் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பல்பு கையில் நொறுங்கியதற்குக் காரணம் அநேகமாகப் பிடித்த இடம். நம் ஊர் ஹோல்டரில் பல்பை அழுத்தித் திருகி எடுக்க வேண்டும். குண்டு பல்பைக் கழற்றிய பழக்கத்தில் சுருள் கண்ணாடியையே பிடித்து அழுத்துகிறோம். அடியில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, ஆறிய பிறகு.

பரணில் இருக்கும் மூன்று பல்புகளுக்கு வருகிறேன். உடையாத பல்பிலிருந்து எதுவும் கசியாது. பரணில் இருப்பதால் ஆபத்தில்லை. அவற்றை அங்கிருந்து எடுத்து எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்தும் விஷயம்.

ஒரு பழைய இரும்புக்கடைக் கிடங்குக்கு ஒருமுறை போயிருந்தேன். ஃபியூஸ் போன டியூப் லைட்டுகளைச் சுவரோரம் விறகு போலச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு இளைஞர், இருபது வயதுகூட இராது, ஒவ்வொன்றாக எடுத்து நுனியைக் கல்லில் தட்டினார். ‘டப்’ என்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு புகை. முனையில் இருக்கும் அலுமினிய மூடியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பின்னால் எறிந்தார். அந்த மூடிகளின் எடைக்குத்தான் காசு. புருவத்திலும் மூக்கு நுனியிலும் கோலமாவு பூசினாற்போல வெள்ளை. மத்தியானம் அந்தக் கையோடே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். ராத்திரி படுப்பதும் அந்தக் கிடங்கிலேதான். உங்களுக்கு ஒரு ராத்திரி நேர்ந்தது அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், சிறுநீரகக் கோளாறு என்று பாதரசத்தின் உண்மையான முகம் தெரிவது இப்படிப்பட்டவர்களிடம்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் எழுத்து ஆடும். என் பயமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. கொடைக்கானலில் 2001-ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டதே, அந்த விவகாரம் வெளியே வந்ததும் ஒரு பழைய இரும்புக்கடையில்தான். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் அங்கே கிடந்தது.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாக வகைப்படுத்தின. ஈரக் குப்பை, உலர் குப்பை இரண்டிலும் சேர்க்காமல் தனியே கொடுக்க வேண்டும் என்பது விதி. மின்கழிவு விதிகளிலும் இந்தப் பல்புகள் உண்டு. பழைய பல்புகள் மறுசுழற்சி ஆவதற்கான பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொன்னால் அது பொய். அதனால் இப்படிச் செய்யுங்கள். மூன்று பல்புகளையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வையுங்கள். சில்லு போட்ட பாட்டிலின்மேல் ‘உடைந்த பல்பு, பாதரசம், திறக்காதீர்கள்’ என்று பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள், பாய்ப் பையின்மேலும். வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம், இது அபாயக் கழிவு என்று வாயாலும் சொல்லிக் கையில் கொடுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் மின்கழிவு சேகரிக்கும் நாள் உண்டா என்று ஒரு தடவை கேளுங்கள். திண்டுக்கல் போகும்போது அங்கே மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எடைக்குப் போடுவது மட்டும் வேண்டாம்.

இனி வாங்குவது எல்.ஈ.டி. பல்பாகவே இருக்கட்டும். அதில் பாதரசம் இல்லை. உடைந்தால் காலைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் மாட்டியிருப்பது எது என்று சந்தேகம் வந்தால் பல்பின் அடியில் பாருங்கள், பாதரசத்தின் குறியான ‘எச்ஜி’ என்ற ஆங்கில எழுத்துகள் ஒரு வட்டத்துக்குள் அச்சாகியிருந்தால் இதே ஜாக்கிரதை வேண்டும். மருந்துப் பெட்டியில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் கிடந்தால் அதையும் அந்த அட்டைப்பெட்டியிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டு, பேட்டரியில் இயங்குவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அந்தப் பல்புகளைவிட அதைத்தான் நான் முதலில் வெளியேற்றுவேன்.

பரணில் இருப்பதை உங்கள் கணவர் இறக்கட்டும். இந்த மாதத்தில் நீங்கள் ஸ்டூல் மேல் ஏற வேண்டாம்.